கரையிறங்கியவனுக்கு ஒரு வாய்ச் சோறு

ஏர்பேடு கடற்கரை ஊர் அல்ல. ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் நடுவே, சாலையும் ரயிலும் கடந்து போகும் ஊர். இங்கிருந்துகொண்டு கப்பல்காரன் சாப்பாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்தபோது உடம்பு பாதியாக இளைத்திருந்தான். விசாரித்ததற்கு, “மாமா, கப்பல் துறைமுகத்துல நின்னா ஆறு மணி, எட்டு மணி நேரம்தான் வெளியே விடுவாங்க. தெரியாத ஊர்ல தனியா போய் ஹோட்டல்ல உட்கார்ந்தா எல்லாரும் நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு. பிஸ்கட் வாங்கித் தின்னுட்டு ஏறிடுவேன்” என்றான். கைநிறையச் சம்பளம் வாங்கும் பிள்ளை, கூச்சத்தால் பட்டினி கிடந்திருக்கிறான்!

இந்தக் கேள்வி நமக்குப் புதியதல்ல. எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருந்த இனம் நாம். அதுதான் ஆற்றுப்படை.

பழைய வழிகாட்டிகள்

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு ஊர் ஊராக உணவு சொல்லப்படுகிறது. கடற்கரையில் உள்ள எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும் தேறலும். வேலூரில் புளிக்கறி இட்ட சோறும் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும். இன்றைய மரக்காணம் பக்கம்தான் எயிற்பட்டினம் என்று கூறுவர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிய பெரும்பாணாற்றுப்படையோ, இரவில் மரக்கலங்களை அழைக்கும் விளக்கையும், அந்த நீர்ப்பெயற்றுத் துறையில் கிடைக்கும் உணவையும் சேர்த்தே சொல்கிறது. அதைப் பாடிய உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளின் கஞ்சி ஆறுபோல ஓடியதைக் காட்டுகிறார். துறைமுகம் என்றால் சோறு இருக்க வேண்டும் என்பது அன்றே தெளிவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மூன்று ஊரிலும் மூன்று விதமான உணவு. அந்தந்த மண்ணில் விளைந்ததை அங்கேயே உண் என்பதே குறிப்பு. மீன் துறையில் மீன், வயலூரில் சோறு. இன்றும் இந்த விதி பொய்ப்பதில்லை. ஆனால் பாணன் சுற்றத்தோடு போனான். நம் பையன் தனியாகப் போகிறான். வித்தியாசம் அங்கேதான்.

தோள் மேல் வந்த கடை

தனியாளின் பசிக்கு விடை கண்டவர்களும் தமிழர்களே. பினாங்கில் நம் தமிழ் முஸ்லிம்கள் காவடித்தண்டின் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றார்கள். வாங்கித் தின்றவர்களில் துறைமுகத் தொழிலாளர்கள் ஏராளம். அதுவே ‘நாசி கண்டார்’. நாசி என்றால் மலாயில் சோறு; கண்டார் என்றால் தண்டில் சுமப்பது. இன்று அது பெரிய கடைகளாகிவிட்டது. முறை மட்டும் மாறவில்லை. தட்டில் சோறு, கண்ணெதிரே கறி வகைகள். விரலால் காட்டினால் போதும். பாஷை வேண்டாம், துணை வேண்டாம். ஒருவனுக்கு ஒரு தட்டு. தனியாகத் தின்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; ஏனென்றால் வருகிறவர்களில் பலரும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளியினர் உண்டாக்கிய ‘பன்னி சௌ’வும் இதே ஜாதி. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு. தட்டுகூட வேண்டாம்.

கரையில் கவனிக்க வேண்டியவை

கரைக்கு இறங்குவது சலுகை அல்ல, உரிமை. 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை மாலுமிகளின் உடல், மன நலனுக்காக அதை வலியுறுத்துகிறது. 2013 முதல் அது நடைமுறையில் உள்ளது. பல துறைமுகங்களில் மாலுமிகளுக்கான நல மையங்கள் உண்டு. முதலில் அங்கே விசாரிப்பது நல்லது. எந்தக் கடை, எவ்வளவு தூரம், எவ்வளவு வண்டிச் சத்தம் என்று சொல்லிவிடுவார்கள்.

துறைமுக வாசலில் பளபளக்கும் கடையைவிட, மூட்டை தூக்குகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் கூடும் கடை மேல். கூட்டம் உள்ள இடத்தில் பழைய சோறு தங்காது. மதியச் சாப்பாட்டு வேளைக்கே போய்விட வேண்டும். ஆவி பறக்கும் உணவாகப் பார்த்துக் கேட்க வேண்டும். வெட்டி வைத்த பழமும் திறந்து வைத்த தண்ணீரும் வேண்டாம். விலையை முன்கூட்டியே கேட்பதில் வெட்கமில்லை. கரை அனுமதிச் சீட்டும் ஏஜெண்டின் போன் நம்பரும் சட்டைப்பையில் இருக்கட்டும். திரும்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும், கப்பல் காத்திராது. பெண் மாலுமிகளும் இன்று இருக்கிறார்கள். அவர்கள் குடும்பங்கள் வந்து சாப்பிடும் கடையைத் தேர்ந்து, போகுமிடத்தைக் கூட வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டுப் போவது நலம்.

பந்தியில் தனியாள் இல்லை

கூச்சத்துக்கு மருந்து என்ன? நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருமலையில் 1985-இல் தொடங்கிய அன்னதானத்தில் உட்கார்ந்து பாருங்கள். இடப்பக்கம் ராயலசீமாக்காரர், வலப்பக்கம் சேலத்துக்காரர். யாரும் யாரையும் “தனியாவா வந்தீங்க?” என்று கேட்பதில்லை. இலை போட்டாகிவிட்டால் எல்லாரும் ஒரே வரிசை. அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன்: “நீ தனியா சாப்பிடலடா தம்பி. உலகம் பூரா ஒரு பெரிய பந்தி. நீ அதுல ஒரு இலை.”

போன மாதம் போன் செய்தான். பினாங்கில் இறங்கினானாம். “மாமா, ரெண்டு தடவ சோறு வாங்கினேன். கடைக்காரர் தமிழ்லயே, ‘எந்த ஊரு தம்பி?’ன்னாரு. ஏர்பேடுன்னேன். அது எங்கன்னு தெரியல. ஆனா இன்னொரு கரண்டி குழம்பு ஊத்தினாரு.”

நம் ஊருக்கும் தனியாக வருகிறவர்கள் உண்டு. ஏர்பேட்டில் இப்போது ஐ.ஐ.டி.யும் ஐசரும் இருக்கின்றன. எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். ஓட்டலில் ஒரு பிள்ளை தனியே உட்கார்ந்திருந்தால், “எந்த ஊரு?” என்று நாமும் கேட்போமே. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அந்தப் பசி என்னவென்று தெரியாதா?