பணம் யார் பையிலிருந்து?

ஊருக்கெல்லாம் சட்டம் போடும் அமெரிக்க காங்கிரஸ், தான் இயற்றிய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றிலிருந்து 1995 வரை தன்னை விலக்கியே வைத்திருந்தது. அந்த ஜனவரியில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட காங்கிரஸ் பொறுப்புடைமைச் சட்டம்தான் அவற்றைக் கேப்பிட்டல் கட்டடத்துக்குள் கொண்டுவந்தது.

ஆனால், 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை புகார் கொடுக்க இருந்த வழியைப் பாருங்கள். உறுப்பினர் ஒருவர் தொல்லை கொடுத்தால், அவருடைய உதவியாளர் 180 நாட்களுக்குள், புகார்களைக் கவனிக்கும் இணக்க அலுவலகத்தை நாட வேண்டியிருந்தது. முதலில் 30 நாள் ஆலோசனை. அடுத்து 30 நாள் சமரசப் பேச்சு. அங்கே பேசியதைப் பற்றி வெளியே மூச்சுவிடத் தடை இருந்தது. பேச்சு முறிந்தாலும் உடனே வழக்குப் போட முடியவில்லை, இன்னும் 30 நாள் ஆறப்போட வேண்டியிருந்தது. யார் கோபம் ஆறுவதற்கோ! உறுப்பினர் தரப்பில் பேச அவையின் வக்கீல் இருந்தார். உதவியாளரோ கைக்காசு போட்டு வக்கீல் பிடிக்க வேண்டியிருந்தது.

சமரசம் ஆனால் பணம் அரசு கஜானாவிலிருந்து போனது. டெக்சஸ் உறுப்பினர் பிளேக் ஃபாரன்தோல்டு மீது முன்னாள் ஊழியர் 2014இல் தொடுத்த பாலியல் தொல்லை வழக்கு 84,000 டாலரில் முடிந்தது. அந்தத் தொகை அரசுப் பணம் என்பது மக்களுக்குத் தெரிந்ததே 2017 டிசம்பரில்தான். குற்றச்சாட்டை மறுத்த அவர், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். 2018 ஏப்ரலில் பதவி விலகினார். பிறகு தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

பாலியல் தொல்லைக்கு எதிரான ‘மீ டூ’ அலையும் கலிஃபோர்னியா உறுப்பினர் ஜாக்கி ஸ்பியரின் விடாப்பிடியும் சேர்ந்து 2018 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தவைத்தன. கட்டாய ஆலோசனையும் காத்திருப்பும் போயின. சமரசப் பேச்சு இரு தரப்பும் விரும்பினால் மட்டுமே. ஊதியமில்லாப் பயிற்சியாளர்களுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. தொல்லைக்கோ பழிவாங்கலுக்கோ உறுப்பினரே காரணம் என்றால், இழப்பீட்டை 90 நாட்களுக்குள் அவரே கஜானாவுக்குக் கட்ட வேண்டும். இல்லையேல் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். பதவியை விட்டுப் போனாலும் கடன் தீராது. என்னைக் கேட்டால், திருத்தத்தின் உயிர் இந்த ஒரு பிரிவில்தான் இருக்கிறது.

இனம், பாலினம் பார்த்து வேலையைவிட்டு நீக்கினாலும் உறுப்பினரே கட்ட வேண்டும் என்று கீழவை கேட்டது. செனட் இசையவில்லை. கீழவை பிறகு அதைத் தன் விதிகளில் சேர்த்துக்கொண்டது. இரு அவைகளுக்கும் பொதுவான அந்தச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அது பெரிய ஓட்டைதான்.