டேபிள் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சேஃப்டி ஷாட்!

சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன் 23 வயசில், 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த ஐபிஎஸ்எஃப் உலக ஸ்னூக்கர் ஃபைனலில் ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3-2 என ஜெயிச்சாங்க. இந்தப் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் இவங்கதான்.

ஸ்னூக்கரில் எல்லா ஷாட்டும் பந்தைக் குழியில் போடுறதுக்கு இல்லை. வாய்ப்பு இல்லைன்னா, எதிராளிக்கும் வாய்ப்பு கிடைக்காத மாதிரி பந்தை நிறுத்தணும். அதுதான் சேஃப்டி ஷாட்.

இப்போ இங்கிலாந்தின் ஆலிசன் ஃபிஷரைப் பாருங்க. பெண்கள் ஸ்னூக்கரில் 7 முறை உலக சாம்பியன். ஆனா பரிசுப் பணம் கம்மி. 1995-ல் அமெரிக்கா போய் பூல் ஆட்டத்துக்கு மாறினாங்க. மேசை சின்னது, விதிகள் வேற. குறி பார்க்கிற கண்ணும் கையும் அதேதான். 9-பால் பூலில் 4 உலகப் பட்டம்!

நீங்களும் வேலை மாறலாம். ஆனா முதல்ல சேஃப்டி. ரிஷிவந்தியத்துல இருக்கிற அப்பா அம்மாவுக்கு அனுப்புறது, ரூம் வாடகை, மெஸ் எல்லாம் சேர்த்து மாசம் 18,000 ரூபாய் செலவுன்னு வைங்க. 6 மாசத்துக்கு 1,08,000 ரூபாய். மாசம் 6,000 ரூபாய் ஆர்.டி. போட்டா 18 மாசத்துல கையில இருக்கும்.

அந்தப் பணம் இருந்தா, புது வேலை கிடைக்க ரெண்டு மாசம் தள்ளிப்போனாலும் ஊருக்குப் போற பணம் நிக்காது. கிடைச்ச சம்பளத்துக்குத் தலையாட்டவும் வேண்டாம். இந்த மாசமே ஆரம்பிங்க!