வீட்டு முயலின் மூட்டுவலி: அதனைக் கண்டறிதலும் தணித்தலும்

ஹைதராபாத் நகரத்து வீடுகளில் தரை பெரும்பாலும் கல்லால் ஆனது. விகாராபாத் மாவட்டத்துத் தாண்டூரிலிருந்தும், அதற்கு அப்பால் கருநாடகத்து ஷாகாபாத்திலிருந்தும் வெட்டிக் கொணரப்படும் சுண்ணக்கற் பலகைகள் பல தலைமுறைகளாக இங்கே பாவப்பட்டு வருகின்றன. புதிய அடுக்குமாடி வீடுகளில் மெருகேற்றிய கிரானைட்டும் வழவழப்பான ஓடுகளும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. கோடையில் குளிர்ச்சி தரும் இத்தரை மனிதருக்கு உகந்ததே. ஆனால் நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் அமைந்திருக்கும் சதைத்திண்டு முயலுக்கு இல்லை. அங்கே அடர்ந்த மயிரே உண்டு. மண்ணையும் புல்லையும் பற்றி ஓடுவதற்கு அமைந்த கால், மெருகேற்றிய கல்லின்மீது வழுக்குகின்றது. இளமுயல் அதனைப் பொருட்படுத்தாது ஓடியாடும். ஐந்தாறு ஆண்டுகள் சென்றபின், அதே முயல் கூடத்தில் விரித்த பாயைவிட்டு இறங்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதை வீட்டார் காண்கின்றனர். வயதாகிவிட்டது, அடங்கிவிட்டது என்று எண்ணி அமைதியடைகின்றனர். அவ்வாறு அடங்கிவிட்டனவாகக் கருதப்படும் முயல்களுட் பல, உண்மையில் மூட்டுவலியால் துன்புறுவனவாகும்.

நன்கு பேணப்படும் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இறைச்சிக்காக வளர்க்கப்படுவது இவ்வயதை எட்டுவதில்லை. ஆகவே முயலின் முதுமை நோய்கள் பண்ணையாளர் கண்ணில் படுவதும் அரிது. வீட்டிலும் பள்ளித் தோட்டத்திலும் அன்புக்காக வளர்க்கப்படும் முயலுக்குத்தான் முதுமை வருகின்றது. அதனோடு மூட்டு நோயும் வருகின்றது.

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு தேய்ந்து, ஓரங்களில் புதிய எலும்பு முளைகள் தோன்றி, மூட்டைச் சூழ்ந்த சவ்வு அழற்சியுறுவதே இந்நோயின் இயல்பு. முயலில் இது பெரும்பாலும் இடுப்பு, முழங்கால் மூட்டுகளிலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் காணப்படுகின்றது. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 8 விழுக்காடு அளவேயாகும். பூனையில் இது 12 விழுக்காட்டிற்கும் மேல். இவ்வளவு இலேசான எலும்புகளின்மீது மிக வலிய பின்னங்கால் தசைகள் பூட்டப்பட்டுள்ளன. எனவே கால் வழுக்கி அகலும் ஒவ்வொரு முறையும் மூட்டுக்கு ஊறு நேர்கின்றது. உடற்பருமன் இத்தீங்கைப் பெருக்கும். 2 கிலோ இருக்க வேண்டிய முயலில் 200 கிராம் கூடுதலாக இருப்பது அற்பமாகத் தோன்றலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரவும் பகலும் 6 கிலோ மூட்டையைச் சுமந்து திரிவதற்கு அது ஒப்பாகும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் பெருக்கிவரும் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் இயல்பாகவே கனத்தவை. அவற்றை வீட்டில் வளர்ப்போர் எடையில் இரட்டைக் கவனம் கொள்ளுதல் வேண்டும். சிறு கூண்டில் நாள் முழுதும் அடைத்து வைத்தல், பழைய எலும்பு முறிவு, பிறவியில் கால் அகன்றிருத்தல் ஆகியனவும் இந்நோய்க்குக் காரணங்களாகும்.

வலியை மறைக்கும் விலங்கு

நாய் நொண்டும், முனகும். முயல் இவ்விரண்டையும் பெரும்பாலும் செய்வதில்லை. நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் விலங்கு தன் நலிவை வெளிக்காட்டினால் முதலில் பிடிபடுவது அதுவே. அயலார் கண்முன் அசையாதிருத்தல் அதன் இயற்கை. மருத்துவரின் மேசைமீது வைத்தவுடன் முயல் சிலைபோல் உறைந்துவிடுவதால், நல்ல மருத்துவரும் அங்கே நோயைத் தவறவிடக்கூடும். நோயை முதலில் காணக்கூடியவர் நாள்தோறும் அதனோடு பழகுபவரேயாவர்.

முயலின் முகத்தைக்கொண்டு வலியை அளவிடும் முறையொன்றை அறிவியலார் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கண் இடுங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்குத்துளையின் வடிவம் மாறுதல், மீசைமயிர் விறைத்து நிற்றல், காது சுருண்டு பின்னோக்கி ஒடுங்குதல் ஆகிய ஐந்தும் அதில் கணக்கிடப்படுகின்றன. இம்முறை திடீரென எழும் கடும் வலிக்கு நன்கு பயன்படும். ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் மூட்டுவலிக்கோ, முகத்தைவிட முயலின் அன்றாடப் பழக்கங்களே தெளிவான சான்றாகும்.

இப்பழக்கங்களுள் முதலாவது காது துப்புரவு. நலமுள்ள முயல் பின்னங்காலைத் தூக்கித் தன் காதைச் சொறிந்து தூய்மை செய்துகொள்ளும். இடுப்பு வலிக்கும்போது இச்செயல் நின்றுவிட, காதில் அழுக்குத் திரள்கின்றது. முதுகின் பின்பகுதிக்கு வாய் எட்டாமையால் அங்கே மயிர் சடைபிடித்துப் பொடுகு தோன்றுகின்றது. சிறுநீர்த் தட்டின் விளிம்பைத் தாண்ட இயலாமையால் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கின்றது. இதனை முரட்டுத்தனம் என்று கருதி முயலைக் கடிந்துகொள்வோர் பலர். பின்னங்கால்களால் எழுந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்கும் வழக்கம் குறைகின்றது. இரண்டு பின்னங்கால்களையும் ஒருசேர உந்தித் தாவுவதற்கு மாறாகச் சிற்றடி வைத்து நடக்கின்றது. தூக்கினால் உதறுகின்றது, சில வேளைகளில் கடிக்கவும் செய்கின்றது. பற்களை உரக்க நறநறவெனக் கடிக்கும் ஓசை வலியின் அடையாளம். தடவிக் கொடுக்கும்போது எழும் மெல்லிய பல்லொலி இன்பத்தின் அடையாளமாதலால், இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மற்றோர் அறிகுறி சற்று விரிவாகக் கூறத் தக்கது. முயல் இருவகை மலம் கழிக்கின்றது. ஒன்று யாவரும் அறிந்த உலர்ந்த புழுக்கை. மற்றொன்று சிறு திராட்சைக் கொத்தைப் போன்ற மென்மலம். உயிர்ச்சத்தும் புரதமும் செறிந்த இதனை முயல் உடலை வளைத்து நேரே வாயில் வாங்கி உண்டுவிடும். முதுகு வளையாத முயலால் இது முடிவதில்லை. மென்மலம் பின்புறத்து மயிரில் ஒட்டிக் காய்ந்து கிடப்பதைக் கண்டு, வயிற்றுப்போக்கு என்று தவறாக முடிவு செய்வது வழக்கமாயிருக்கின்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தக்காணத்தில் மழை பெய்யும் மாதங்களில் இவ்வழுக்கின்மீது ஈக்கள் முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடவும் கூடும். அக்காலத்தில் முயலின் பின்புறத்தை நாளுக்கு இருமுறை பார்த்தல் வேண்டும்.

முயல் விடியலிலும் அந்தியிலும் மிகுதியாக இயங்கும். ஆதலின் அவ்வேளைகளில் சற்றுத் தொலைவிலிருந்து கவனிப்பதே முறை. இன்று பலர் கையிலும் உள்ள கைப்பேசியில் முயல் நடப்பதைப் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுவது, அவருடைய மேசைமீது முயலை வைத்துக் காட்டுவதைவிடப் பயனுடையது.

வலி உயிரைப் பறிக்கும் வழி

மூட்டு நோய் தானே முயலைக் கொல்வதில்லை. ஆனால் வலியுற்ற முயல் தீனியைக் குறைத்துக்கொள்ளும்; நார்ப்பொருள் தொடர்ந்து சென்றாலன்றி அதன் குடல் இயங்காது. குடல் நின்றால் வயிறு உப்பும்; வயிறு உப்பினால் வலி பெருகும்; வலி பெருகினால் மேலும் உண்ணாது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. 12 மணி நேரம் தீனி தொடாமலும் புழுக்கையிடாமலும் இருக்கும் முயல், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கத் தக்கதன்று. உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லப்பட வேண்டியது.

பின்னங்கால் தளர்ச்சி யாவும் மூட்டுவாதமாகா. கம்பிவலைத் தரையில் உட்கார்ந்து உள்ளங்கால் புண்ணாதல், தவறாகத் தூக்கியதால் உதைத்து முதுகெலும்பு முறிதல், என்செபாலிட்டோசூன் என்னும் நுண்ணுயிர் நரம்பைத் தாக்குதல், சிறுநீர்ப்பையில் சுண்ணச் சேறு படிதல் ஆகியனவும் இதுபோலவே தோற்றமளிக்கும். இவற்றைப் பிரித்தறிய மருத்துவரின் தேர்வும் எக்ஸ்-கதிர்ப் படமும் வேண்டும். ஹைதராபாத்தின் இராசேந்திரநகரிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கு வசதியுண்டு. படத்தில் தெரியும் தேய்மானமும் முயல் உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மருந்துப்பெட்டியைத் திறக்குமுன்

வீட்டில் மனிதருக்கென வாங்கிவைத்த வலி மாத்திரையைக் கிள்ளி முயலுக்கு ஊட்டுவது மிக ஆபத்தான பழக்கம். ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம் என்பதற்கு இந்தியாவில் நிகழ்ந்ததைவிடப் பெரிய சான்று உலகில் எங்கும் தேட வேண்டியதில்லை. நொண்டும் மாடுகளுக்கும் காய்ச்சலுற்ற மாடுகளுக்கும் டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து தாராளமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அம்மாடுகள் இறந்தபின் அவற்றின் இறைச்சியைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டிற்கும் மேல் அழிந்துபோயின. காரணம் 2004-இல் வெளிப்பட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. எஞ்சிய பாறுகளை இனம்பெருக்கும் நிலையங்களுள் ஒன்று ஹைதராபாத் நேரு விலங்கியல் பூங்காவில் அமைந்துள்ளது. டைக்ளோபினாக்குக்கு மாற்றாக, பாறுகளுக்குத் தீங்கற்றதென ஆய்ந்து பரிந்துரைக்கப்பட்ட மருந்து மெலாக்சிகாம்.

அதே மெலாக்சிகாமே முயலின் மூட்டுவலிக்கும் கால்நடை மருத்துவர்கள் முதலில் நாடும் மருந்தாக விளங்குகின்றது. ஆயினும் முயலின் உடல் இதனை விரைந்து வெளியேற்றிவிடுவதால், எடைக்கு எடை நாய்க்குத் தரும் அளவைவிடப் பன்மடங்கு முயலுக்குத் தேவைப்படுகின்றது. நாய்க்குரிய அளவைப் பின்பற்றினால் வலி தணியாது. மனிதருக்கான மாத்திரையோ 7.5 அல்லது 15 மில்லிகிராம் கொண்டது. 2 கிலோ முயலுக்கு அதனை நகத்தால் கிள்ளி அளவிட எவராலும் இயலாது. விலங்குகளுக்கெனத் தயாரிக்கப்படும் நீர்மருந்தை, மருத்துவர் எடை பார்த்துக் குறித்த அளவில், ஊசியற்ற பீச்சுக்குழலால் வாயோரம் விடுவதே தக்க முறை. நீர் குடியாத முயலுக்கு இம்மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமாதலால், வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் ஏப்ரல், மே மாதங்களில் கவனம் இரட்டிப்பாதல் வேண்டும். நெடுநாள் மருந்துண்ணும் முயலுக்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் தேவை.

மூட்டில் சீழ்பிடித்ததாக ஐயுற்று, அமாக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியை வாய்வழியாகக் கொடுத்தலும் கூடாது. குடலின் நற்கிருமிகள் அழிந்து முயல் இறக்க நேரிடும். தைலமும் களிம்பும் பூசினால் முயல் அவற்றை நக்கி விழுங்கிவிடும். எலும்பு வலுப்பெறும் என்றெண்ணிப் பாலும் சுண்ணச்சத்து மாத்திரையும் தருவோர் உண்டு. முயலின் குடல் உணவிலுள்ள சுண்ணச்சத்தைத் தேவைக்கு மேலும் உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீர்வழியே கழிக்கின்றது. வலியால் அசையாது கிடக்கும் முயலின் சிறுநீர்ப்பையில் அது சேறாகப் படிந்துவிடும்.

வீட்டிலும் பள்ளியிலும் செய்யத் தக்கவை

மருந்துக்கு நிகரானது தரை. முயல் நடமாடும் வழியெங்கும் கோணிச்சாக்கு, சணற்பாய், பழைய சமுக்காளம் இவற்றில் ஒன்றை நகராதபடி விரித்துவிட்டால், செலவின்றியே பாதித் துன்பம் குறையும். சிறுநீர்த் தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ வெட்டிவிடலாம். தண்ணீரைத் தொங்கும் குப்பியில் வைக்காமல் கனத்த மண்கிண்ணத்தில் தரைமட்டத்தில் வைத்தால் கழுத்தை உயர்த்த வேண்டியதில்லை. படிகள் இருப்பின் சாய்பலகை இடலாம். டிசம்பர், சனவரி மாதங்களின் குளிர்ந்த காலைகளில் மூட்டு இறுகுமாதலின், கல்தரையில் படுக்கவிடாமல் தடித்த படுக்கை அமைக்க வேண்டும்.

தீனியில் புல்லே முதன்மை. அருகம்புல், கினியாப்புல் போன்றவை எப்போதும் முன்னிருக்க வேண்டும். குதிரைமசால் சுண்ணச்சத்து மிகுந்ததாதலால் வளர்ந்த முயலுக்கு நாள்தோறும் ஆகாது. குழந்தைகள் ஆசையோடு ஊட்டும் ரொட்டி, பிஸ்கோத்து, வாழைப்பழம் ஆகியவையே பள்ளி முயல்களின் பருமனுக்கு முதற்காரணம். ஆசிரியர் இதில் கண்டிப்பாக இருத்தல் நலம். ஆனால் பருத்த முயலைப் பட்டினி போட்டு மெலியவைக்க முயலுவது குடலை நிறுத்திவிடும். எடை பல வாரங்களில் சிறிது சிறிதாகவே குறைய வேண்டும்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குதல் கொடுமை. ஒரு கை மார்பின்கீழும் மற்றது பின்பகுதியைத் தாங்கியும் இருக்க, நம் உடலோடு அணைத்தே தூக்க வேண்டும். வலியுற்ற முயலைக் கூண்டில் அடைத்து ஓய்வு தருவதும் தவறு. தசை மெலிந்து மூட்டு மேலும் இறுகும். மெத்தென்ற தரையில் அது தானே நடமாடட்டும். துணை முயல் இருப்பின், எட்டாத இடங்களை அது நக்கித் தூய்மை செய்துவிடும் என்பதால் அவற்றைப் பிரிக்கலாகாது. எல்லாம் செய்தும் வலி அடங்காமல், உண்ணவும் எழவும் இயலாத நிலை வருமாயின், மருத்துவர் துணையோடு துன்பமின்றி அதன் உயிரை முடிப்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். மாணவரிடம் அதை மறைத்து, முயல் ஓடிப்போய்விட்டது என்று சொல்வது முறையன்று.

வகுப்பில் முயல் வளர்க்கும் ஆசிரியர் ஒரு குறிப்பேடு வைக்கலாம். எடை, உண்ட புல், புழுக்கை, காதைச் சொறிந்ததா, எழுந்து நின்றதா என்னும் செய்திகளை மாணவர் முறைவைத்து மாலைதோறும் எழுதட்டும். மருத்துவர் மருந்து தொடங்கிய பின்னரும் இரண்டு வாரம் இது தொடர வேண்டும். பல மாதங்களாகப் பாயைவிட்டு இறங்காத முயல் ஒரு மாலையில் கூடத்தைக் கடந்து வாசலுக்குச் சென்றதாகவோ, பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்ததாகவோ அக்குறிப்பேட்டில் பதிவாகுமானால், இதுவரை முதுமை என்று எண்ணப்பட்டது வலியே என்பது அப்போது உறுதியாகும்.