அரை மணி நேரக் கயிறு

தெற்கு சூடானில் ஓர் ஊர். அதன் பெயரைத் தமிழில் எழுதினால் ‘போர்’ என்றுதான் எழுத வேண்டும். 2013 டிசம்பர் 21 அன்று, பெயருக்கு ஏற்றபடியே இருந்தது ஊர்.

அங்கே சிக்கிய அமெரிக்கர்களை மீட்க, ஜிபூட்டியிலிருந்து மூன்று ஆஸ்ப்ரேக்கள் போயின. எஞ்சின்கள் முன்பக்கம் சாய்ந்திருக்கும்வரை ஆஸ்ப்ரே ஒரு விமானம். நிமிர்த்திவிட்டால் ஹெலிகாப்டர். அப்படி நிமிர்த்தி, வேகம் குறைத்து இறங்கப் போன நேரத்தில்தான் தரையிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். பதிலுக்குச் சுட பின்கதவில் ஒரு துப்பாக்கி இருந்தது. போகிற திசையில் சுட ஒன்றுமில்லை.

பிறகு எண்ணிப் பார்த்தபோது மூன்றிலுமாக 119 குண்டுகள் பாய்ந்திருந்தன. உள்ளே நான்கு பேருக்குக் காயம். ஹைட்ராலிக் போச்சு, எரிபொருள் ஒழுகுகிறது. ஒழுக ஒழுக டேங்கர் விமானம் வானிலேயே நிரப்பிக்கொண்டு வர, உகாண்டாவின் என்டெபி வரை சுமார் 800 கிலோமீட்டர் பறந்து மூன்றும் பத்திரமாக இறங்கின. சாதாரண ஹெலிகாப்டர் அந்த நிலையில் அவ்வளவு தூரம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். (மறுநாள் அந்த அமெரிக்கர்களை வெளியே கொண்டுவந்தவை ஐ.நா.வின் ஹெலிகாப்டர்களும் அமெரிக்காவின் சிவிலியன் ஹெலிகாப்டர்களும். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆஸ்ப்ரே முதன்முதலில் போர்முனைக்குப் போனது 2007-ல், ஈராக்கின் அன்பார் பாலைவனத்துக்கு. 2009-ல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மாண்ட். 2011-ல் லிபியாவில் விழுந்த எஃப்-15 விமானத்தின் பைலட்டை, கடலில் நின்ற கப்பலிலிருந்து போய்த் தூக்கி வந்ததும் இதுதான். 24 வீரர்களை ஏற்றிக்கொண்டு, ஹெலிகாப்டரைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகம். இறங்கும்போது அது கிளப்பும் புழுதியில் விமானிக்குத் தரையே தெரியாது என்பது பழைய புகார். போர்க்களக் கணக்கை மட்டும் பார்த்தால், பாஸ் மார்க்குக்கு மேலேயே போடலாம்.

என் கவலை புழுதியும் அல்ல, தோட்டாவும் அல்ல. ஒரு பல் சக்கரம்.

இரண்டு எஞ்சின்களையும் இறக்கைக்குள் ஓடும் ஒரு தண்டு இணைக்கிறது. ஒன்று நின்றாலும் மற்றது இரு ரோட்டர்களையும் சுற்றும். அருமையான ஏற்பாடு. ஆனால் ரோட்டரைச் சுற்றும் கியர்பாக்ஸே உடைந்தால்? தண்டு என்ன செய்யும்!

கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு சிறு காந்தம் உண்டு. பல் தேய்ந்து உதிரும் இரும்புப் பிசிறு அதில் ஒட்டினால் காக்பிட்டில் எச்சரிக்கை வரும். மெல்லிய பிசிறாக இருந்தால் மின்சாரம் பாய்ச்சி அங்கேயே எரித்துவிடும். எரிந்துவிட்டால் நிம்மதி, பயணம் தொடரும். 2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாகுஷிமா தீவருகே, போரே இல்லாத ஒரு பயிற்சிப் பயணத்தில், அந்த எச்சரிக்கை ஒருமுறையல்ல, பலமுறை வந்தது. இடப்பக்க கியர்பாக்ஸில் பினியன் என்ற ஒரு பல் சக்கரம் விரிசல் விட்டு உடைந்து, ஆஸ்ப்ரே கடலில் விழுந்தது. எட்டுப் பேரும் இறந்தார்கள்.

மூன்று மாதம் எல்லா ஆஸ்ப்ரேக்களும் தரையில் நின்றன. 2024 மார்ச்சில் மறுபடி பறக்கவிட்டபோது ஒரு நிபந்தனை: அரை மணி நேரத்துக்குள் போய் இறங்கக்கூடிய தளம் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். மணிக்கு 450 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அரை மணியில் 225 கிலோமீட்டர்தான். நெடுந்தூரம் போவதற்கென்றே கட்டிய ஊர்தியைக் கயிற்றில் கட்டியதுபோல் ஆயிற்று. எதிரி ஊரில் தளத்துக்கு எங்கே போவது?

பறந்த மணி நேரங்களோடு வகுத்துப் பார்த்தால் மற்ற ராணுவ விமானங்களைவிட விபத்து அதிகமில்லை என்பது ஆஸ்ப்ரே ஆதரவாளர்களின் வாதம். இருக்கட்டும். அதே 2024 நவம்பரில் நியூ மெக்ஸிகோவில் இன்னொரு ஆஸ்ப்ரேயின் கியர் விரிசல் விட்டது. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே என்பதால் இறங்க இடம் இருந்தது, எல்லோரும் பிழைத்தார்கள். டிசம்பரில் மறுபடி கொஞ்ச நாள் பறப்பை நிறுத்தினார்கள்.

எஃகுக்குள் கலந்திருந்த நுண்ணிய அசுத்தம்தான் விரிசலின் விதை என்கிறார்கள். மும்முறை உருக்கிச் சுத்தமாக்கிய எஃகில் புது கியர்கள் தயாராகின்றன. எல்லா ஆஸ்ப்ரேக்களிலும் மாற்றி முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை விமானிகள் ஒரு கண்ணை அந்தப் பிசிறு எச்சரிக்கை மேல் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.