நேர் பட்டியா, கிராஸ் பட்டியா?

பழைய காட்டன் சேலைகளை அடுக்கிக் குழந்தைக்கு மெத்தை தைக்கிறார், தூத்துக்குடி திரேஸ்புரத்து வாசகி ஒருவர். ஓரம் சிப்பி போல வளைந்து வளைந்து வருமாம். ஓரப் பட்டியை நேராக வெட்டுவதா, கிராஸாக வெட்டுவதா என்பது அவர் கேள்வி. “கிராஸில் வெட்டினால் ஆயுசுக்கும் கிழியாது” என்று டெய்லர் அடித்துச் சொன்னாராம். ஆயுசுக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். கிராஸ் பட்டி வளைந்து கொடுக்கும் என்பது உண்மை. காரணம் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது: மீன்வலை.

நூல் போகும் திசையிலேயே பிடித்து இழுத்தால் வலை நீளாது, நூல்தான் விறைக்கும். வலைக்கண்ணின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். நூல் கொஞ்சமும் நீளாமலே வலை நீளும், அகலம் குறுகும். சதுரம் சாய்சதுரமாகிறது, அவ்வளவுதான். துணியும் பொடிக்கண் வலைதான். பாவும் ஊடையும் குறுக்கிடும் இடங்களில் முடிச்சுக்குப் பதில் உராய்வு. 45 பாகையில் வெட்டிய பட்டியில், கட்டத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல் 1.414 மடங்கு. கணக்குப்படி அது 2 மடங்குவரை, அதாவது 41 சதவீதம், நீளலாம். நிஜத்தில் அவ்வளவு வராது. நூலுக்குத் தடிமன் உண்டே. பக்கத்து நூல்கள் முட்டிக்கொண்டதும் நீட்சி நின்றுவிடும்.

இழுவலையில் மீன் சேரும் பின்பையிலும் இதே கதைதான். பாரம் ஏறினால் சாய்சதுரக் கண்கள் மூடிக்கொள்ளும், குஞ்சு மீன் தப்ப வழியில்லை. சதுரக் கண்கள் திறந்தே நிற்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சதுரக் கண் பையைப் பரிந்துரைப்பது அதனால்தான். ஆக, கிராஸ் பட்டி மூடிக்கொள்ளும் வலை, நேர் பட்டி மூடாத வலை. மெத்தைக்குள் மீன் இல்லையென்பதால் இத்தோடு விடுகிறேன்.

வளைவுக்கு வருவோம். சிப்பியின் ஆரம் 5 செ.மீ., பட்டி வெளியே தெரியும் அகலம் 1 செ.மீ. என்று வையுங்கள். கால்வட்டத்தில் பட்டியின் மடிப்பு 7.85 செ.மீ. ஓட வேண்டும், உள்ளே தையல் ஓடுவதோ 6.28 செ.மீ. ஒரே பட்டிக்குள் 25 சதவீத வித்தியாசம்! நேர் பட்டியால் ஆகாது, சுருக்கம் விழும். கிராஸ் பட்டியில் கட்டங்கள் மடிப்பில் நீண்டும் தையலில் ஒடுங்கியும் வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

வரலாறு வேண்டுவோருக்கு: ரஷ்யக் கணிதர் செபிஷேவ் 1878-ல் பாரிஸில் துணி வெட்டுவதைப் பற்றியே உரையாற்றினார், அவர் கணக்கிலும் துணி, நீளாத நூல்களாலான வலைதான். 1920-களில் கிராஸ் வெட்டால் புகழ்பெற்றவர் மேடலின் வியோனே. கண்டுபிடித்தவரே அவர்தான் என்று எழுதுவார்கள், நம்பாதீர்கள். இடைக்கால ஐரோப்பாவிலேயே காலுறைகளைக் கிராஸில் வெட்டியிருக்கிறார்கள்.

இனி ஆயுசு. நேர் பட்டியின் மடிப்பு ஓரிரு நூல்களின் மேலேயே ஓடுகிறது. உரசல் முழுக்க அவற்றுக்குத்தான். அவை தேய்ந்து அறுந்தால் ஓரம் நெடுகப் பிளக்கும். கிராஸில் எல்லா நூல்களும் மடிப்பைக் குறுக்கே கடக்கின்றன, ஒன்று அறுந்தாலும் சேதம் அங்கேயே நிற்கும். டெய்லர் சொன்னதில் இவ்வளவுதான் உண்மை. மற்றபடி தேயாத துணி கிடையாது. இரட்டையாக மடித்துத் தைத்தால் நேர் பட்டியும் நன்றாகவே உழைக்கும்.

நாலு பக்கமும் நேரான மெத்தைக்குக் கிராஸ் வீண் செலவு. துணி அதிகம் பிடிக்கும், தைக்கும்போது இழுபட்டு ஓரம் அலையடிக்கும். அங்கே பட்டியைக் கரையிலிருந்து கரைக்கு வெட்டுங்கள். தறியில் பாவை இழுத்துக் கட்டுவதால் ஊடையில்தான் நெளிவு அதிகம், அந்த வாக்கில் துணி சற்றே இளகும். சிப்பி ஓரத்துக்குக் கிராஸ்தான், சந்தேகமே வேண்டாம். பட்டிக்கு மட்டும் பழஞ்சேலையை எடுக்காதீர்கள். புதுக் காட்டனை ஒருமுறை நனைத்துக் காயவைத்து அப்புறம் வெட்டுங்கள்.