கூகுளுக்குத் தெரியாத பட்டறை!

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி. பர்ச்சேஸ் அதிகாரிக்கு அவசரமாக 500 அலுமினிய புஷ் வேண்டும். 'ஓசூர் சி.என்.சி. ஜாப் ஒர்க்' என்று செல்போனில் தட்டுகிறார். முதலில் வரும் நாலைந்து பேருக்குப் போன் போகிறது. அதில் ஒருவருக்கு ஆர்டர். சிப்காட்டில் பல வருஷமாக மெஷின் ஓட்டுகிறவரின் பட்டறை அந்தப் பட்டியலிலேயே இல்லை. இத்தனைக்கும் அவரிடம் பளபளவென்று ஒரு வெப்சைட் இருக்கிறது!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் வளர்ந்த ஊரில், ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் யூனிட்டுக்கு அந்த ஆர்டர் நின்றால் அடுத்த மாதச் சம்பளமே கேள்விக்குறி. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் புது ஆர்டர் பிடிக்க, தேடலில் கண்ணில் பட்டாக வேண்டும்.

அப்படியானால் தப்பு எங்கே? பெரும்பாலும் அழகில்தான். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் அடிப்பது போலவே பலர் வெப்சைட்டும் செய்துவிடுகிறார்கள். கம்பெனி பெயர், என்னென்ன மெஷின், எந்த அளவு வரை வேலை செய்ய முடியும், முகவரி எல்லாம் ஒரே படமாக நிற்கும். நம் கண்ணுக்கு அது எழுத்து. தேடுபொறிக்கு அது வெறும் படம். அது முக்கியமாக நம்புவது பக்கத்தில் தட்டச்சாக இருக்கும் சொற்களைத்தான். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 'ஓசூர்' என்ற சொல்லை ஒரு தடவைகூட எழுதாத தளத்தை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது?

தமிழில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தால் திரையில் தெரிவது தமிழ். உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்தும் குறிகளும். அதனால் தமிழில் தேடினால் சிக்காது. தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இருந்தும் டி.டி.பி. கடையில் அடித்த பழைய மேட்டரை அப்படியே தளத்தில் ஒட்டும் பழக்கம் முழுசாகப் போகவில்லை.

அடுத்தது கனம். முகப்பில் நாலு பெரிய போட்டோ, ஒரு வீடியோ. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஜோராக ஓடும். சிக்னல் குறைந்த இடத்தில் செல்போனில் சுற்றிக்கொண்டே இருக்கும். கூகுள் 2018 ஜூலையிலிருந்து செல்போன் தேடலில் பக்கம் திறக்கும் வேகத்தையும் கணக்கில் எடுக்கிறது. தளத்தின் செல்போன் வடிவத்தைத்தான் முதலில் படிக்கப்போவதாக 2016-லேயே சொல்லிவிட்டது. பெரிய திரையில் மட்டும் தெரியும் விவரம் அதன் கணக்கில் வராமலே போகலாம்.

எல்லாவற்றையும்விட வலிக்கிற தப்பு, 'புதுசா மாத்தித் தர்றோம் சார்' என்று தொடங்குவது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்று பழைய தளத்தைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போடுகிறது என்று வையுங்கள். பக்கங்களின் முகவரிகள் மாறிவிடும். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் '301' ஏற்பாட்டைச் செய்யாவிட்டால், இத்தனை வருஷம் சேர்த்த பெயர் அறுந்துபோகும். வீடு மாறினால் தபால் ஆபீஸில் சொல்லிவைக்கிறோமே, அதுபோலத்தான். சீசன் தொடங்கும் மே மாதத்தில் இது நடந்தால், அந்த வருஷ விசாரணையெல்லாம் வேறு ஆலைக்கு.

டிசைனரிடம் காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கூகுளில் 'சைட்' என்பதை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். பக்கங்கள் வரிசையாக வந்தால் சரி. ஒன்றுமே வராவிட்டால், வேர்ட்பிரஸ் தளமாக இருக்கும் பட்சத்தில், அமைப்புகளில் 'ரீடிங்' பகுதியைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் அங்கே இருக்கும். தளம் தயாராகும்வரை டிசைனர் அதில் டிக் போட்டு வைப்பார். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்.