ஐந்தாவது ஸ்ப்ரைட்

1981-ல் வந்த டிஐ-99/4ஏ வீட்டுக் கணினியின் திரையை வரைந்தது டிஎம்எஸ்9918ஏ என்ற 40 கால் சில்லு. 256-க்கு 192 புள்ளிகள், 15 நிறங்கள், படத்துக்கென்று தனியாக 16 கிலோபைட் நினைவகம். பின்னணிமேல் தனியாக நகரும் சிறு உருவங்களான ஸ்ப்ரைட்டுகள் மொத்தம் 32-ஐ நடமாட விடலாம். ஆனால் ஒரே கிடைவரியில் நான்குக்குமேல் சேர்ந்தால் ஐந்தாவது தெரியாது.

அன்றைய நிரலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். திரை நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படும். ஒவ்வொரு முறையும் ஸ்ப்ரைட்டுகளின் முன்பின் வரிசையை மாற்றினார்கள். ஒரு தடவை இது மறையும், அடுத்த தடவை அது. எதிரி விமானம் விட்டு விட்டு மின்னும். ஆனால் அடியோடு காணாமல் போகாது. இதை நான் குறையாகவே நினைத்ததில்லை.

கணினியை விரிவாக்க ஒரு கனத்த உலோகப் பெட்டி தேவைப்பட்டது. அதை இணைக்கும் தடித்த கேபிளுக்குப் பயனர்கள் தீயணைப்புக் குழாய் என்றே பெயர் வைத்தார்கள். கணினியைத் தயாரித்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1983 அக்டோபரில் வீட்டுக் கணினித் தொழிலைக் கைவிட்டது. பிறகு வரிக்கு 80 எழுத்து காட்டும் அட்டைகளை யமஹாவின் வி9938 சில்லைக் கொண்டு சிறு தயாரிப்பாளர்களே செய்தார்கள்.

இன்று 80 எழுத்துக்கு அந்தப் பெட்டி வேண்டாம். 2012-ல் வந்த எஃப்18ஏ, பழைய சில்லைக் கழற்றிய அதே சாக்கெட்டில் உட்காரும் சிறு பலகை. உள்ளிணைப்பை விரும்பியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சில்லு ஒன்று பழைய சில்லின் வேலையைச் செய்து, விஜிஏ திரைக்குத் துல்லியமான படம் தருகிறது. 80 எழுத்து வரி உண்டு. நிறங்களை 4096-லிருந்து தேர்ந்துகொள்ளலாம். அண்மையில் வந்த பிகோ9918 இதே வேலையை மலிவான ஆர்பி2040 சில்லைக் கொண்டு செய்கிறது.

எஃப்18ஏ-யில் எனக்கு மிகவும் பிடித்தது ஜம்பர் என்ற ஒரு சிறு இணைப்பான்தான். ஒரு பக்கம் வைத்தால் வரிக்கு 32 ஸ்ப்ரைட்டும் தெரியும். மறுபக்கம் வைத்தால் பழையபடி நான்கு. சில விளையாட்டுகள் ஐந்தாவது மறைவதையே நம்பி எழுதப்பட்டவை, உருவத்தை ஒளித்துவைக்க. அவற்றுக்கு அந்தப் பழைய எல்லை வேண்டும்.

தொலைக்காட்சியின் மங்கலில் ஒன்றோடொன்று கலந்து தெரிந்த நிறங்கள் மட்டும் விஜிஏ திரையில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கின்றன. இன்னொன்றும் உறுத்துகிறது. எஃப்18ஏ-வின் கூடுதல் வசதிகளை நம்பி இன்று எழுதப்படும் விளையாட்டுகள், 1981-ல் வாங்கியபடியே யாரும் கைவைக்காமல் காத்துவரும் கணினியில் சரியாக ஓடுவதில்லை.